தோட்ட ரயிலுக்குச் சூரிய விளக்கு அமைக்கும் முறை

தோட்டத்தில் மாதிரி ரயில் ஓட்டுகிறவர்கள் அதற்கு விளக்குப் போடத் தொடங்கும்போது செய்கிற முதல் பிழை, அளவுக்கு மீறி வெளிச்சம் வைப்பதுதான். நானும் அதையே செய்தேன். கடையில் கிடைத்த பளீர் வெள்ளை எல்.இ.டி.க்களை நிலையக் கட்டடத்துக்குள் பொருத்திவிட்டு, இரவு ஏழு மணிக்கு மாடியில் நின்று பார்த்தபோது, நூறாண்டுக்கு முந்தைய மலை ரயில் நிலையமாக இருக்க வேண்டியது நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் போலத் தெரிந்தது. அத்தனை வெளிச்சத்தையும் தாங்க முடியாமல் பேட்டரி இரவு ஒன்பதரைக்குள் தீர்ந்தும் போனது. வெளிச்சத்தைக் குறைத்தபோது இரண்டு குறைகளும் ஒன்றாகவே நீங்கின. கீழே சொல்லப்போகும் கணக்கும் செய்முறையும் அந்த ஒரு முடிவை ஒட்டியே அமைந்தவை.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டின் பின்புறம் ஓடுவது 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரைச் சேர்ந்த லேமன் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் வெயிலையும் மழையையும் தாங்கும் தோட்ட ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, 1:22.5 என்ற அளவையும் இந்தத் தண்டவாள அகலத்தையும் தேர்ந்தெடுத்தது. 45 மில்லிமீட்டரை 22.5-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே வரும். அதாவது ஐரோப்பிய மலைப்பாதைகளின் மீட்டர் கேஜ். நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான் என்பதால், 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்ட அந்தப் பாதையை மாதிரியாகக் கொள்ள இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது. விளக்கு வேலைக்கும் இந்த அளவே ஆதாரம். மூன்று மீட்டர் உயர நடைமேடை விளக்குக் கம்பம் இங்கே 13 சென்டிமீட்டராகிவிடும். கடையில் விற்கும் சூரியத் தோட்ட விளக்கின் ஐந்து சென்டிமீட்டர் பேனலோ, மாதிரி உலகத்தில் ஒரு மீட்டருக்கும் அகலமான பலகையாகிவிடும். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்து நிலையத்தில் அந்தப் பலகை கண்ணில் படக்கூடாது.

சூரிய ஒளிதான் வேண்டுமா என்று கேட்டால், ஈரமண்ணில் 230 வோல்ட் கம்பியைக் கொண்டுபோவதைவிட அது எவ்வளவோ மேல் என்பதே என் பதில். தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்திலிருந்து விளக்குக்கு இழுத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். அப்படிச் செய்தால் ரயிலின் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் நிலையமும் மங்கும். ரயிலைத் திசைமாற்றினால் மின்சாரமும் திசைமாறி எல்.இ.டி. அணைந்தே போகும். பேட்டரியிலோ நீராவியிலோ ரயில் ஓட்டுகிறவர்களுக்குத் தண்டவாளத்தில் மின்சாரமே இராது. ஆகவே விளக்குகளுக்கென்று தனி ஏற்பாடு வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: கடை விளக்கைப் பிரித்தெடுப்பது

ஒன்றிரண்டு கட்டடங்கள் மட்டும் இருந்தால், மண்ணில் குத்திவைக்கும் சாதாரணச் சூரியத் தோட்ட விளக்கே போதும். அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறிய பேனல், 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒன்று, ஓர் எல்.இ.டி., நகக்கண் அளவு பலகையில் நான்கு கால்கள் கொண்ட ஒரு சிப், அதன் அருகே ரெசிஸ்டர் போலத் தோற்றமளிக்கும் பச்சை நிற இண்டக்டர் (கம்பிச்சுருள்) ஆகியவை இருக்கும். அந்தச் சிப் பெரும்பாலும் ஒய்.எக்ஸ். 8018 அல்லது கியூ.எக்ஸ். 5252 வகையாக இருக்கும். பகலில் பேனலிலிருந்து வரும் மின்சாரத்தை அது பேட்டரிக்கு அனுப்புகிறது. பேனலின் வோல்ட்டேஜ் விழுந்தால் இருட்டிவிட்டது என்று புரிந்துகொண்டு, பேட்டரியின் 1.2 வோல்ட்டை எல்.இ.டி.க்குத் தேவையான மூன்று வோல்ட் அளவுக்கு உயர்த்தித் தருகிறது. இருட்டை உணரத் தனியாக எந்தப் பாகமும் கிடையாது. பேனலே கண்ணாகவும் வேலை செய்கிறது.

இதை மாற்றியமைக்க, எல்.இ.டி.யைப் பலகையிலிருந்து சால்டரிங் இரும்பால் கழற்றி, அந்த இடத்தில் சிவப்பு, கறுப்பு ஒயர்களைச் சேர்த்து, மறுமுனையில் நீங்கள் விரும்பும் எல்.இ.டி.யைப் பொருத்த வேண்டும். எல்.இ.டி.யின் நீண்ட கால் பாசிட்டிவ்; கால்களை வெட்டிவிட்டிருந்தால் குமிழுக்குள் உற்றுப் பார்க்கையில் பெரிய தகடாகத் தெரிவது நெகட்டிவ். ஒயர் ஒரு மீட்டருக்கு மேல் நீளாமலிருப்பது நல்லது. ஒரே வகை வெள்ளை எல்.இ.டி.க்கள் இரண்டு மூன்றைப் பக்க இணைப்பில் சேர்த்தால் இருக்கும் மின்சாரத்தை அவை பகிர்ந்துகொண்டு மங்கலாக எரியும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் வெள்ளையோடு சிவப்பைச் சேர்க்கக்கூடாது. சிவப்புக்கு இரண்டு வோல்ட்டே போதும் என்பதால் மின்சாரம் முழுவதையும் அதுவே இழுத்துக்கொள்ள, வெள்ளை எரியாமல் நிற்கும்.

இண்டக்டரை மாற்றுவது பலரும் முயலாத, ஆனால் மிகுந்த பயனுள்ள வேலை. அதன் மதிப்பு கூடக்கூட எல்.இ.டி.க்குச் செல்லும் மின்சாரம் குறையும். 100 மைக்ரோஹென்றி இருந்த இடத்தில் 330 வைத்துப் பாருங்கள். வெளிச்சம் மண்ணெண்ணெய் விளக்களவுக்கு இறங்கும், அதே பேட்டரி விடியும்வரை தாங்கும். பேட்டரியைப் பெரிதாக்குவது மட்டும் இதற்கு மாற்றாகாது. அந்தச் சிறு பேனல் நல்ல வெயிலில் தருவது ஐம்பது மில்லி ஆம்பியர் அளவே. ஐந்து மணி நேர வெயிலில் 250 மில்லி ஆம்பியர் மணிதான் சேரும். அதில் 2000 மில்லி ஆம்பியர் மணிப் பேட்டரியைப் போட்டால், அது ஒருநாளும் நிரம்பாது. பழைய பேட்டரி செத்துப்போனால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையையே போட வேண்டும்; சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் சாதாரண பேட்டரியைப் போட்டுவிட்டால், பேனல் அதற்குள்ளும் மின்சாரத்தைச் செலுத்த முயன்று, கடைசியில் அது கசிந்து முழுப் பலகையையும் அரித்துவிடும்.

இந்த வழியில் எனக்கு நேர்ந்த வேடிக்கையான கோளாறு ஒன்று உண்டு. சிக்னல் கூண்டின் விளக்கு ஒவ்வோர் இரவும் எரிந்தும் அணைந்தும் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. ஒயர், சால்டர், பேட்டரி என்று எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் காரணம் தெரிந்தது: அதன் வெளிச்சம் அதன் பேனல்மீதே விழுந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்ததும் பேனல் பகல் என்று நம்பி அணைத்துவிடும்; அணைந்ததும் இரவு என்று நம்பி ஏற்றிவிடும். பேனலை ஒரு சாண் தள்ளி, முகம் திருப்பி வைத்ததும் சரியாயிற்று. தெருவிளக்கின் வெளிச்சம் விழும் மதில்மேல் பேனலை வைத்தாலும் இதே தொல்லை வரும். சில சமயம் விளக்கு எரியவே எரியாது.

இரண்டாம் வழி: ஒரே பேனல், ஒரே பேட்டரி

நிலையம், சரக்குக் கொட்டகை, என்ஜின் கொட்டகை, கேட் கீப்பர் வீடு என்று பாதை வளர்ந்துவிட்டால், பத்துச் சிறு பேட்டரிகளைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதைவிடப் பொது ஏற்பாட்டுக்கு மாறிவிடுவது நல்லது. இதற்குத் தேவையானவை ஒரு 12 வோல்ட் பேனல், பேட்டரி அளவுக்கு மீறி நிரம்பாமல் காவல் காக்கும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், ஒரு 12 வோல்ட் பேட்டரி, வோல்ட்டேஜை ஐந்தாகக் குறைத்துத் தரும் ஒரு சிறு பக் கன்வெர்ட்டர் பலகை. பேட்டரியின் வோல்ட்டேஜ் காலையில் ஒன்றாகவும் இரவில் ஒன்றாகவும் இருக்கும், எல்.இ.டி.க்களை நேரே அதில் இணைத்தால் அவையும் கூடிக்குறையும். நடுவில் ஐந்து வோல்ட் நிலையாகக் கிடைக்கும்படி செய்துவிட்டால், ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரத்தை மட்டுப்படுத்த வேண்டிய ரெசிஸ்டரைக் கணக்கிட்டு ஒரே முறையாக முடித்துவிடலாம்.

அந்தக் கணக்கு எளிது. இளமஞ்சள் வெள்ளை எல்.இ.டி. குறைந்த மின்சாரத்தில் ஏறத்தாழ 2.8 வோல்ட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மீதி 2.2 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 1000 ஓம் வைத்தால் 2.2 மில்லி ஆம்பியர் பாயும். 470 ஓம் வைத்தால் 4.7. பெட்டியில் எழுதியிருக்கும் 20 மில்லி ஆம்பியர் என்பது அதிகபட்ச அளவே. அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அறைக்குள் இரண்டு மில்லி ஆம்பியரும் நடைமேடைக் கம்பத்தில் ஐந்துமே இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. ஒவ்வோர் எல்.இ.டி.க்கும் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டும். பலவற்றுக்குப் பொதுவாக ஒன்றை மட்டும் வைத்தால், அவற்றுள் சற்றே குறைந்த வோல்ட்டேஜில் எரியக்கூடியது மற்றவற்றின் பங்கையும் எடுத்துக்கொள்ளும்.

என் பாதையில் அறைகளுக்குள் 16, கம்பங்களில் 6, சிக்னல்களில் 2 என 24 எல்.இ.டி.க்கள் உள்ளன. மொத்தம் 70 மில்லி ஆம்பியர். ஐந்து வோல்ட்டில் அது 0.35 வாட். கன்வெர்ட்டரின் சேதாரத்தையும் சேர்த்து அரை வாட் என்று வைத்துக்கொண்டால், மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை இரண்டு வாட் மணிதான் செலவு. இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. சார்ஜ் கன்ட்ரோலர் இரவும் பகலும் தனக்கென்று பத்து மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளக்கூடும். 12 வோல்ட்டில் 24 மணி நேரத்துக்கு அது ஏறத்தாழ மூன்று வாட் மணி. இருபத்து நான்கு விளக்குகள் சாப்பிடுவதைவிடக் காவல்காரர் அதிகம் சாப்பிடுகிறார். ஆக நாளொன்றுக்கு ஐந்து வாட் மணி தேவை.

12 வோல்ட், 7 ஆம்பியர் மணி சீல்டு லெட் ஆசிட் பேட்டரியில் 84 வாட் மணி உண்டு. அதைப் பாதிக்குக் கீழே இறக்காமலிருந்தால்தான் அதன் ஆயுள் நீடிக்கும் என்பதால் 42 மட்டுமே நம் கணக்கு. வெயிலே இல்லாமல் எட்டு நாள் ஓடும். பத்து வாட் பேனல் ஒன்று ஐந்து மணி நேர முழு வெயிலில், சேதாரம் போக, 35 வாட் மணி தரும். வடகிழக்குப் பருவமழையின் மூட்டத்தில் ஒன்றரை மணி நேர வெயிலுக்கு ஈடாகத்தான் கிடைக்கிறது என்று வைத்தாலும் பத்து வாட் மணி வந்துவிடும். எல்.இ.டி. ஒன்றுக்கு இருபது மில்லி ஆம்பியர் என்று நான் முதலில் போட்ட திட்டத்துக்கு இதே பேனல் மழைக்காலத்தில் போதவே போதாது.

பேனலைத் தெற்கு நோக்கி, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்க்க வேண்டும். கோயம்புத்தூருக்கு அது 11 டிகிரி. மழை தூசியைக் கழுவிக்கொண்டு போவதற்காக நான் 15 வரை சாய்த்திருக்கிறேன். சாய்மானத்தைவிட நிழல்தான் பெரிய பகை. பேனலின் 36 செல்களும் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒரே ஒரு செல்லை மறைத்தாலும் முழுப் பேனலின் மின்சாரமும் சரிந்துவிடும். மல்டிமீட்டரை இணைத்துவிட்டு ஒரு செல்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஆம்பியர் முள் படுத்துக்கொள்வதைக் கண்ட பிறகு, தென்னங்கீற்றின் ஒற்றை நிழலைக்கூட நீங்கள் பொறுத்துக்கொள்ள மாட்டீர்கள். ஆகவே பேனல் ரயிலின் அருகில் இருக்க வேண்டியதில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரே அதற்கு உரிய இடம்.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் இணைத்து, பிறகு பேனலை, கடைசியாக விளக்குகளை இணைக்க வேண்டும், கழற்றும்போது நேர்மாறாக. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 1 ஆம்பியர் ஃபியூஸ் போடாமல் எதையும் தொடங்கக்கூடாது. 12 வோல்ட் மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒயர்கள் ஒட்டிக்கொண்டால் இந்தச் சிறு பேட்டரி மெல்லிய ஒயரைப் பழுக்கக் காய்ச்சித் தீப்பிடிக்க வைக்கும். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் இருட்டியதும் ஏற்றிக் குறிப்பிட்ட மணி நேரத்துக்குப் பின் அணைக்கும் அமைப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் தனி டைமர் வேண்டாம்.

கட்டடங்களும் கம்பங்களும்

வெளிச்சம் ஜன்னல் வழியாக மட்டுமே வர வேண்டும். பிளாஸ்டிக் சுவர்கள் உள்விளக்கை மறைக்காமல் கிறிஸ்துமஸ் நட்சத்திரக் கூண்டு போல முழுதாக ஒளிரும். இதைத் தடுக்க உட்புறத்தில் முதலில் கறுப்பும், காய்ந்தபின் அதன்மேல் வெள்ளையும் பூச வேண்டும். கறுப்பு ஒளியை அடைக்கும், வெள்ளை அறைக்குள் அதைப் பரப்பும். சுவரும் கூரையும் சேரும் மூலைகளில் கசியும் ஒளியைக் கறுப்பு நாடாவால் அடைக்கலாம். எல்.இ.டி.யின் குமிழை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் அதன் கூரிய ஒளிக்கற்றை பரவலாகும். அதன்மேல் ஒரு சொட்டு மஞ்சள் கண்ணாடிப் பெயின்ட் தொட்டால் அசல் லாந்தர் நிறம் வரும். எல்லா அறைகளிலும் விளக்கு வைக்கவும் வேண்டாம். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒன்று, டிக்கெட் ஜன்னலில் ஒன்று எரிய, காத்திருப்போர் அறை இருண்டு கிடக்கட்டும்.

கம்பங்களுக்குப் பழைய பித்தளை ரீஃபில் குழாய் அருமையாகப் பொருந்தும். மையைக் கழுவிவிட்டு, 13 சென்டிமீட்டர் வரும்படி அடியில் இன்னொரு துண்டைச் சேர்த்து, பழைய டிரான்ஸ்ஃபார்மரில் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பிகள் இரண்டை உள்ளே செலுத்தலாம். உச்சியில் மூன்று மில்லிமீட்டர் எல்.இ.டி.; அதன்மேல் தொப்பியாக ஒரு டிச்சு பட்டன். ரெசிஸ்டரைப் பீடத்துக்குள் மறைத்துவிடலாம். கைகாட்டி சிக்னலுக்கு ஒரு நுணுக்கம்: மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளாக இருந்ததால், அசல் சிக்னல்களில் பச்சை தெரிவதற்கு நீலம் கலந்த கண்ணாடியைத்தான் வைத்தார்கள். இளமஞ்சள் எல்.இ.டி.யின் முன்னால் அதே நீலப்பச்சைத் தாளை ஒட்டினால் சரியான பச்சை வரும். வெறும் பச்சைத் தாள் கிளிப்பச்சையாகிக் கெடுக்கும்.

மண்ணும் மழையும் உயிர்களும்

முதன்மை ஒயரை 20 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, தண்டவாளத்துக்கு ஒரு சாண் தள்ளி, அரை அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். குழாய் போடாத என் முதல் ஒயரை அணில் கடித்தது. அதை மாற்றிய வாரத்திலேயே என் மண்வெட்டி வெட்டியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் இருமுனைக் கனெக்டர் வைத்துவிட்டால், பெருமழைக்கு முன் கட்டடத்தை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். வெளியிலிருக்கும் இணைப்புகளைச் சுற்றி முறுக்கி நாடா ஒட்டினால் ஒரு மழைக்குமேல் நிற்காது. சால்டர் செய்து, சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, கனெக்டர் முனைகளில் வாசலின் தடவ வேண்டும். வாசலின் எறும்பையும் தள்ளி வைக்கும். பேட்டரிப் பெட்டி நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமாக இருக்கட்டும். ஒயர்கள் அதற்குள் கீழ்ப்புறமாக நுழைந்தால், வழிந்து வரும் நீர் ஒயரின் வளைவிலேயே சொட்டிவிடும்.

மழை ஓய்ந்த மாலைகளில் ஈசல் கிளம்பினால் அன்று விளக்கேற்றாதீர்கள். காலையில் நடைமேடை முழுதும் சிறகுகளைப் பொறுக்க வேண்டியிருக்கும். கடை விளக்குகளின் பேனல்மேல் பூசிய பசை ஓரிரு ஆண்டில் வெயிலில் மங்கிப் பால் போலாகிவிடும்; பேனலைத் தூக்கியெறியாமல், நன்றாகக் கழுவிக் காயவிட்டு, நிறமில்லா நகப்பூச்சை ஒரு படலம் பூசினால் பெரும்பாலும் மீண்டும் தெளியும்.

பெட்டிகளுக்கு விளக்கு

கடை விளக்கின் அதே சிப் ரயில் பெட்டிக்குள்ளும் வேலை செய்யும். பெட்டியின் தரையில் ஏ.ஏ.ஏ. அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியையும் பலகையையும் ஒட்டி, கூரைமேல் சிறு பேனலைப் படுக்கவைத்து, உள்ளே இரண்டு எல்.இ.டி.க்களைத் தொங்கவிட வேண்டும். இரவில் இது தானாக எரியும் என்பது எதிர்பார்த்ததுதான். பகலில் சுரங்கத்துக்குள் நுழையும்போது என்ன நடக்கும் என்பதை ஓட்டிப் பார்க்கும்வரை நான் யோசிக்கவில்லை. நீலகிரிப் பாதையில் 16 சுரங்கங்கள் உண்டு. என் தோட்டத்தில் ஒன்றே, ஒன்றரை மீட்டர் நீளத்தில். கூரை சுரங்க வாயைக் கடந்ததும் பேனலுக்கு இருட்டிவிடுகிறது, ஜன்னல்கள் மஞ்சளாக எரிகின்றன, மறுவாயில் வெளிவந்ததும் அணைகின்றன. மர நிழலில் எரிவதில்லை, ஏனெனில் அந்த அளவு ஒளியே பேனலுக்குப் பகலாகத் தெரியப் போதுமானது. பெட்டியை அலமாரியில் வைக்கப் போகும்போது மட்டும் கவனம் தேவை: அங்கே இரவும் பகலும் இருட்டுதான் என்பதால் பேட்டரி முழுதும் வடிந்து கெட்டுவிடும். அடித்தட்டில் ஒரு சிறு ஸ்லைடு சுவிட்சை மறக்காமல் பொருத்திவிடுங்கள்.